குப்பம்மா என்றால் மட்டும் திரும்பு

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேர் கூப்பிடுகிற பெண் என் சீட்டு வந்ததும் ஒரு நொடி நிறுத்துவாள். மறுபடி பார்ப்பாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கூப்பிடுவாள். எனக்காக அவள் வெட்கப்படுகிறாள். நான் எழுந்து போவேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

என் பேர் குப்பம்மா. ரேஷன் கார்டில் அதுதான். ஆதாரில் அதுதான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஐந்து மாதம் வேறு பேர் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயசு. திருவொற்றியூரில் ரயில் பாதைக்குக் கடல் பக்கம், ஆறு வீடு ஒரே வரிசையாக இருக்கும் லைன் வீட்டில் இருந்தோம். நைனாவுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. அம்மா ராயபுரத்தில் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போவாள். வீட்டில் பிள்ளை என்று நான் ஒருத்திதான்.

பள்ளிக்கூடத்தில் என் பேரை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. நான் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் மூக்கைப் பொத்துவார்கள். "கொடுங்கையூர் குப்ப லாரி வந்துகினு கீது, சீக்கிரம் ஏறிக்கோ குப்ப!" என்பான் ஒருத்தன். "எறங்கினவளே இவதான்டா" என்பான் இன்னொருத்தன். டீச்சரே ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நைனாவிடம் அழுதேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"மார்க்கெட்டுக்கு பீகார்லேர்ந்து ஒரு டிரைவர் வருவான். பேரு கூரன். அவனுங்க ஊர்ல குப்பமேடுன்னு அர்த்தமாம். நம்ம பக்கத்து வூட்டு அத்த பேரு இன்னா? பெண்டம்மா. தெலுங்குல அதுவும் குப்பதான். டீக்கட பாயி பேரு பிச்ச. அவரு இன்னா பிச்சையா எடுத்துகினு கீறாரு? ரெண்டு மாடி கட்டிட்டாரு."

எனக்கு ஆறுதலாக இல்லை. எந்தப் பாஷையில் சொன்னாலும் குப்பை குப்பைதான் என்பது மட்டும் புரிந்தது. எதற்கு எனக்கு இதை வைத்தீர்கள் என்று கேட்டால் நைனா தட்டைப் பார்ப்பார். அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஒரு நாள் பரணில் எதையோ தேடினேன். மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு துணி மூட்டை இருந்தது. பிரித்தால், கைக்குள் அடங்குகிற எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே, பாத்திரக் கடையில் வெட்டித் தருவார்களே அது மாதிரி, புள்ளி புள்ளியாக ஒரு பேர். ஜீவிதா. எங்கள் சொந்தத்தில் அப்படி யாரும் இல்லை. ஏதோ விசேஷத்தில் பாத்திரம் மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மூட்டையைக் கட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

ஐந்தாவது முடிந்தது. ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். டீ.சி. எழுதுகிற சமயத்தில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அன்றைக்குச் சிரித்தது அவர் மனசில் இருந்ததோ என்னவோ. "பேர் மாத்தணும்னா இப்பவே மாத்திடலாம். அங்க போயிட்டா முடியாது. வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வா" என்றார்.

அம்மாவிடம் சொன்னால் எழுந்து போய்விடுவாள். மாமாவிடம் சொன்னேன். அம்மாவுக்குத் தம்பி. காசிமேட்டில் போட்டுகளுக்குப் பேர் எழுதுகிற பெயிண்டர். எப்போதும் சிரிப்புதான்.

"இதுக்கா இவ்ளோ அழுவுற? பேருன்றது இன்னா, பெயிண்ட்டு. சொரண்டிட்டு மேல வேற எழுதினா அந்த போட்டு கடலுக்குப் போவாதா?" என்றார். சைக்கிள் முன் பாரில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப் போனார்.

அன்று பள்ளிக்கூடத்துக்குக் கடைசி நாள். டீச்சர் எழுதிக்கொண்டு இருக்கும்போது மாமா பீடி பற்ற வைக்க வெளியே போனார். "உனக்கு ஆசையா ஏதாவது பேர் இருக்கா?" என்று டீச்சர் கேட்டார். சொன்னேன். "நல்ல பேரும்மா" என்று எழுதினார். மாமா வந்து காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இன்னிலேர்ந்து புது போட்டு டீச்சர்" என்று ஒரு சலாம் வைத்தார்.

எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே மாமா ஓட்டிக்கொண்டு வந்தார்.

"ஆமா, இன்னா பேரு குடுத்த?"

"ஜீவிதா."

சைக்கிள் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றினார். சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"எங்க கேட்ட இந்தப் பேர?"

"பரண் மேல ஒரு டம்ளர் கீது மாமா. அதுல."

பேப்பரை மடித்து உள்ளே வைத்தார். சைக்கிளைத் திருப்பிப் பள்ளிக்கூடத்துக்கே மிதித்தார். கேட் பூட்டியிருந்தது. டீச்சர் போய்விட்டார், இனி லீவு முடிந்துதான் என்றார் வாட்ச்மேன். மாமா நான் கேட்காமலேயே எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. "வூட்ல சொல்லாத. நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் கை சைக்கிள் ஹேண்டில் பாரில் வழுக்கியது. மாமா பயந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கும் பயம் வந்தது. எதற்கென்று தெரியாத பயம்.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அத்தையிடம் போனேன். அத்தைக்கு நகராட்சியில் தெருக் கூட்டுகிற வேலை. மத்தியானம் வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்த, ஜீவிதான்னா இன்னா?"

"ஜீவிதம்னா எங்க பாஷையில வாழ்றது. உசுரு" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "யாரு சொன்னா உனக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை ஈரக் காலோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். என்னை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"உனக்கு மின்ன ரெண்டு. மொதோ பையன், பேரு வெக்கறதுக்குள்ளயே போய்ட்சி. அப்பால ஒரு பொண்ணு. இன்னா பேரு வெக்கலாம்னு உங்கம்மா எங்கிட்டதான் கேட்டா. நான்தான் சொன்னேன். உசுருன்னு பேரு வெச்சா உசுரோட இருக்கும்னு. ஒண்ணர வயசு. நல்லா நடந்துகினு இருந்துச்சி. மூணு நாளு பேதி."

ஈரக் காலை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"நல்ல பேராப் பாத்து எமன் எடுத்துனு போறான்டி. அதான் நீ பொறந்த மூணாம் நாளு உன்ன முறத்துல வெச்சி குப்பத் தொட்டிகிட்ட போட்டோம். நான் வந்து எடுத்தேன். உங்கம்மா ஒரு படி தவுடு குடுத்து எங்கிட்டேர்ந்து வாங்கினா. தவுட்டுக்கு வாங்கின குப்பைய எவன் தேடினு வருவான்? என்னியும் எங்கம்மா அப்பிடித்தான் போட்டா. தோ, கீறேன் பாரு."

அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க எனக்கு ஒரே கணக்குதான். பீகாரில் கூரனை எமன் தொடவில்லை. தெலுங்கில் அத்தையைத் தொடவில்லை. டீக்கடை பாயையும் விட்டுவைத்திருக்கிறான். அப்படியென்றால் எமனுக்கு எல்லாப் பாஷையும் படிக்கத் தெரியும். ஒரு தடவை எடுத்துக்கொண்டு போன பேர் மறுபடி எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வருவான். நான்தான் எழுதச் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

நான் கேட்ட அன்று சாயங்காலமே அத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா என்னை அடிக்கவில்லை. பரணில் ஏறி, மூட்டையைத் தடவிப் பார்த்து, இறங்கி அரிசி களைந்தாள். ஆனால் போகும்போதும் வரும்போதும் என் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று வந்தால் எங்கள் தெருவே இருமும். நானும் இருமுவேன். நான் இருமினால் மட்டும் அம்மாவின் கை வேலை நின்றுவிடும். அவள் கை நிற்பதைப் பார்த்து எனக்கு இன்னும் இருமல் வரும்.

லீவு முடிந்ததும் நைனா அரை நாள் வேலையை விட்டுவிட்டு மாமாவோடு பழைய பள்ளிக்கூடம் போனார். ரெக்கார்டில் ஏறிவிட்டது, இனி மாற்ற வேண்டுமானால் பேப்பரில் போட வேண்டும், கெஜட்டில் வர வேண்டும் என்று சொன்னார்களாம். கெஜட் என்றால் என்னவென்று நைனாவுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று கேட்காமல் வந்துவிட்டார்கள்.

"சொரண்ட முடியலக்கா" என்று மாமா வாசலிலேயே நின்று சொன்னார். உள்ளே வரவில்லை.

அந்த விஷயத்தில் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மறுபடி போட்டு எடுத்துடலாம்."

"பத்து வயசுப் புள்ளய எந்த முறத்துலமே வெப்ப?" என்றார் அடுத்த வாசலில் நின்ற அத்தை.

"உக்கார்வா."

வெள்ளிக்கிழமை மத்தியானம். ரயில்வே சுவர் ஓரத்தில் சிமெண்ட் குப்பைத் தொட்டி. இறால் ஓடும் மீன் செதிலும் வெயிலில் கொதித்தன. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தேன். பிரம்பு விளிம்பு கிரீச் என்றது. "அத்த வந்து கையப் புடிச்சி தூக்கற வரிக்கும் எந்திரிக்காத. இன்னா ஆனாலும்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். அத்தையும் உடனே வரக் கூடாதாம். கொஞ்ச நேரம் யாருக்கும் வேண்டாத பொருளாக நான் அங்கே கிடக்க வேண்டுமாம்.

கிடந்தேன். ஒரு காக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து என்னைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. எமன்தான் வந்துவிட்டான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் போனது. தரை நடுங்கியது.

அதற்கப்புறம் லாரி வந்தது. குப்பை லாரி.

ஒருத்தர் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினார். "ஏய் பாப்பா, எந்திரி. அள்ளணும்."

எழவில்லை.

"இன்னா, காது கேக்கலியா? உன்னியும் சேத்து அள்ளினு போய் கொடுங்கையூர்ல கொட்டிடவா?" என்று சிரித்தார். லாரி மேலே இருந்தவரும் சிரித்தார். கூடையை என் பக்கத்தில் போட்டார். எனக்குப் பாவாடை நனைந்துவிட்டது. அப்போதும் எழவில்லை.

"தே! கைய வெக்காத!" அத்தை தெரு முனையிலிருந்து முந்தானை அவிழ ஓடி வந்தார். "அது எனுக்குக் கெடச்சது."

"இன்னா பெண்டம்மா, குப்பையில புள்ளயெல்லாம் பொறுக்குறியா?"

"நான் எதயோ பொறுக்குறேன். நீ தள்ளுடா, பேமானி" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

எங்கள் வாசலில் அம்மா தவிடு அளந்த படியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். லைன் வீட்டுப் பெண்கள் அவரவர் கதவில் நின்றார்கள். அத்தை என்னை முன்னால் நிறுத்தி, சம்பிரதாயப்படி கேட்டார். "குப்பத் தொட்டியில ஒரு பொண்ணு கெடச்சிது. வாங்கறியா?"

அம்மா சொல்ல வேண்டியது ஒரே வரி. ஒண்ணுத்துக்கும் ஆவாத குப்பதானே, தவுட்டுக்குக் குடு. அதைச் சொன்னால் போதும், நான் உள்ளே போய்விடலாம்.

அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"வாங்கறியான்னு கேட்டேன்" என்றார் அத்தை.

அம்மா என்னைப் பார்த்தாள். மறுபடி உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. இவளுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது, அந்தப் பேரைத் தொட்டதற்காக என்னை வாங்காமலே விட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சொல்லுமே. இல்லன்னா நானே இட்டுனு போய்டுவேன்" என்று அத்தை சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். "ஒண்ணுத்துக்கும் ஆவாத குப்பதான. குடு." படியைத் தலைகீழாக அத்தை மடியில் கவிழ்த்தாள். பாதித் தவிடு வாசலில் சிந்தியது. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, காதில் மூன்று தடவை என் பேரைச் சொன்னாள். அப்புறம் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இஸ்கூல்ல அந்தப் பேரச் சொல்லி யாரு கூப்ட்டாலும் இன்னான்னு கேக்காத. குப்பம்மான்னா மட்டும் திரும்பு. செரியா?"

சரி என்றேன்.

பெரிய பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் ரிஜிஸ்டரைப் பிரித்து வரிசையாகப் படித்தார். எல்லோரும் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். என் முறை வந்தது. "ஜீவிதா." நான் மேஜையைப் பார்த்தேன். "ஜீவிதா!" பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். "நீ யாரு?" என்று டீச்சர் கேட்டார். "குப்பம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பேர் ரிஜிஸ்டரில் இல்லை என்றார். ஜீவிதா நீதானே என்றார். வாய் திறக்கவில்லை. ஸ்கேலால் கையில் இரண்டு வைத்தார். ஆப்சென்ட் போட்டார்.

தினமும் அதுதான். தலைமை டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். நைனாவை வரச் சொல்லிக் கேட்டார்கள். நைனா கெஜட் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் கெட்டவர் இல்லை. "உள்ளேன்னு ஒரு வார்த்தை சொல்லுடி, போதும்" என்று தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சிப் பார்த்தார். என்னால் முடியவில்லை. சொன்னால் செத்துப்போவேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஐந்து மாதம் நான் வரவில்லை.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஓர் இடத்தில் இடிந்திருக்கும். அந்த இடிசலில் நின்றிருந்தாள். டீச்சர் பேர் கூப்பிட ஆரம்பிக்கும்போது வருவாள். முடிந்ததும் போய்விடுவாள். அதனால் கம்பெனிக்குத் தினம் அரை மணி லேட். மேஸ்திரி எல்லோர் முன்னாலும் ஏசினார் என்று அத்தை சொன்னார். அப்படியும் வந்தாள்.

நான் வாய் திறக்கிறேனா என்று பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் நிற்பது தெரிந்தால் பல்லை இன்னும் இறுக்கிக்கொள்வேன். நான் பதில் சொல்லாததால் டீச்சர் அந்தப் பேரை மட்டும் இரண்டு தடவை, மூன்று தடவை, சத்தமாகக் கூப்பிடுவார். ஜீவிதா. ஜீவிதா. சுவர் வரைக்கும் கேட்கும். அம்மா அப்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். நான் பேசிவிடக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைப்பேன்.

அரைப் பரீட்சைக்கு முன்னால் டீச்சர் என்னை மேஜைக்குக் கூப்பிட்டார். இத்தனை நாள் ஆப்சென்ட் ஆனால் பேரை எடுக்கத்தான் வேண்டும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். என் கண் முன்னாலேயே ஸ்கேலை வைத்து, சிவப்பு மையில் அந்தப் பேரின் மேல் கோடு இழுத்தார். எனக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். பள்ளிக்கூடம் கையை விட்டுப் போனதைப் பற்றி நினைக்கவே இல்லை. பிழைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மா இறால் நாற்றத்தோடு வந்ததும் வாசலிலேயே சொன்னேன். நல்ல சேதி இல்லையா.

"ம்மா, பேர அடிச்சிட்டாங்க. செவப்பு இங்க்குல. நான் பாத்தேன்."

அம்மா செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"அடிச்சிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"நாளைக்கு கூப்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"ஒரு வாட்டி கூடவா?"

"ஒரு வாட்டி கூட மாட்டாங்கம்மா. இனிமே எப்பவுமே கூப்ட மாட்டாங்க" என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். பாவம், என்னைவிட அவள்தான் அதிகமாகப் பயந்திருக்கிறாள், இப்போதுதான் பயம் விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.